பிளக் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வண்டியைக் கெடுத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் பிக்கப் வண்டியைக் கழுவினேன். டிரைவர் சீட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கிற இன்ஜின் மேலும் ஓஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சினேன். பிசுக்கெல்லாம் போய்ப் பளபளவென்று ஆனது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். மறுநாள் பூஜை முடிந்து கிளப்பினால், வண்டி பழத்தை நசுக்கக்கூட முடியாமல் உதறி உதறி நின்றுவிட்டது.

வருடா வருடம் கழுவியது அண்ணன். அவன் இன்ஜின் மேல் தண்ணீர் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிகளைப் பால் கவரால் மூடி ரப்பர் பேண்ட் போடுவான் என்பது எனக்குத் தெரியாது. நான் தூங்கி எழுந்து வருவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். எந்த ஆபீஸிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அண்ணன் எட்டாவதோடு நின்றவன். நான் பாலிடெக்னிக் போன மூன்று வருடமும், அப்பாவின் வாடகைக் கடை நாற்காலிகளையும் அண்டாக்களையும் இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய்க்கொண்டிருந்தான்.

அவன் இப்போது பிரான்சில் இருக்கிறான். அண்ணியின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்று கேட்டால்தான் காட்டுவார்கள். அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் ஆன மறு வருடம் சித்திரையில் அண்ணன் அண்ணியோடு விமானம் ஏறினான். ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறான். பொங்கலுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கோ தொழிற்சாலையில் ஷிப்ட். கூலி டிரைவர்கள் வாரத்துக்கு ஒருவராக மாறினார்கள். அரியாங்குப்பத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பொங்கலுக்கு வரானா இல்லியான்னு கேளு. வரான்னா வெச்சிக்கலாம். வரலன்னா குடுத்துடலாம்" என்றார் அப்பா.

"நீயே கேளேம்பா."

"நான் கேட்டா வரேன் வரேன்னுவான். நீ கேளு."

பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிறு மத்தியானம் சீட்டைத் தூக்கி நிறுத்தினேன். புது பிளக் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன். பிளக் மாற்ற எனக்கு யார் துணையும் வேண்டாம். ஆனாலும் வீடியோ கால் போட்டு, போனை ஹேண்ட்பிரேக்கில் சாய்த்து வைத்தேன். எனக்குத் தெரியவில்லை என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"இன்னா இன்ஜினியரம்மா, பிளக் மாத்தத் தெரியலியா? மூணு வருஷம் இன்னாதான் படிச்ச?" அண்ணன் கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தான். அங்கே அப்போதுதான் காலை.

"படிச்சதுல உன் வண்டிய பத்தி இல்லண்ணா."

"குழிக்குள்ள தண்ணி நிக்குதா பாரு."

நின்றது. பழைய பனியனைக் கம்பியில் சுற்றி ஒற்றி எடுத்தேன். காய்ந்த சந்தனமும் வந்தது.

"அடிப்பாவி, பிளக்குக்குமா பொட்டு வெச்ச?" அவன் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது.

"ஒயரப் புடிச்சி இழுக்காத. தலையப் புடிச்சி இழு. ம்... அப்புடித்தான்."

பிளக் ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். முதல் பிளக் துரு ஏறி வந்தது. புதியதை எடுத்துக் கையாலேயே சுற்றி இறக்கி, உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அதை அரை மணி நேரம் செய்தேன். இடது பக்கமா, வலது பக்கமா என்று கேட்டேன். இறுக்கினது போதுமா என்று இரண்டு தடவை கேட்டேன். அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். நடுவில் அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவன் குடிக்கவே இல்லை. கழுத்தை நீட்டி, என் போனுக்குள் எட்டிப் பார்ப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது பிளக்கையும் முடித்தேன். இனிக் கேட்க ஒன்றும் இல்லை. அப்பா வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணு, சத்தம் கேக்கணும்" என்றான்.

சீட்டை இறக்காமலே சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவனுக்குப் பின்னால் ஜன்னலில் மழை பெய்துகொண்டிருந்தது.

"அண்ணா, பொங்கலுக்கு வரியா?"

ஆறிப்போன காபியை அவன் தள்ளி வைத்தான்.

"அண்ணிக்கு மாசம் அஞ்சு, பாப்பா. லீவும் தர மாட்டான். இப்ப இல்ல. எப்பன்னு எனக்கே தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வித்துடச் சொல்லு. இப்ப சத்தம் நல்லா இருக்குது. இப்பவே குடுத்துடுங்க."

நான் அத்தை ஆகப்போகிறேன் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அது ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அப்போது சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை காய்கறி வியாபாரி வந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "எந்த மெக்கானிக்குங்க? விட்டு விட்டு ஓடல, சுத்தமா மிஸ்ஸிங்கே இல்ல" என்றார்.

"வீட்டுலயே பாத்தது. எம்பொண்ணு" என்றார் அப்பா. அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கோ அன்றைக்கு ஒரு பிளக்கையாவது தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது.

வண்டி கைமாறிய பிறகும் அண்ணன் ஞாயிறுதோறும் பேசத்தான் செய்கிறான். சாப்பிட்டியா, குளிரா, அண்ணி எப்படி இருக்கா, அப்பாவுக்கு முட்டி வலி எப்படி. நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிரைவர் வரவில்லை, டயரில் காற்று நிற்கவில்லை என்று எத்தனை பேச்சு இருந்தது முன்பு.

போன வாரம் அப்படி இருந்தபோது, "நம்ம வண்டிய பாத்தேண்ணா" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க?"

"நோணாங்குப்பம் பாலத்துல. கம்பெனி பஸ்ல போறப்போ."

"இன்னா லோடு?"

"முட்டகோஸ். மூட்டை மூட்டையா."

"பாலம் ஏறும்போது திணறுச்சா?"

"இல்லண்ணா. சும்மா ஏறுச்சி."

"மூணாவது கியர்லயா?"

எங்கள் கம்பெனி பஸ் அந்தப் பக்கமே போகாது. நான் வண்டியைப் பார்க்கவும் இல்லை. அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.