மஞ்சள் பிள்ளையார் எறும்பு

ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலையில்தான் அந்த எறும்பை முதன்முதலில் உற்றுப் பார்த்தேன். நாள் மறக்காததற்குக் காரணம் எறும்பு இல்லை. அன்றைக்குத்தான் எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியின் இடது கண் வெளுத்துக் கிடந்தது.

நான் இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில். திருவண்ணாமலை நூலகமொன்றில் புத்தகங்களை வகை பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவள். எதிர்வீட்டுக்காரி என்னைவிட இளையவள். இரண்டு மாடு வைத்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறாள். அவளுடைய மாட்டுக் கொட்டகையை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதைக் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்துச் செடி நர்சரி வைத்திருக்கிறார். குத்தகை தை மாதத்தோடு முடிகிறது. அவர் பிழைப்பு முழுக்க அந்த நிலத்தில்தான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன், குட்டிக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல" என்று அவள் கூப்பிட்டதும் போனேன். கன்று தலையை உதறிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி ஈரம். அந்த ஈரத்தில் மெலிந்த, நீண்ட கால்களுள்ள மஞ்சள் எறும்புகள் ஓடின. வரிசை இல்லை, திசை இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல ஓட்டம்.

மதியம் வந்த கால்நடை மருத்துவர், அமிலம் போல ஏதோ பட்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"நர்சரிக்காரரு மருந்து அடிக்கறாருக்கா. காத்துல அதான் வந்து பட்டிருக்கும். தை வரைக்கும் பாக்கப் போறதில்ல, இப்பவே காலி பண்ணச் சொல்லிடப் போறேன்."

அதற்கு முந்தைய வாரம் இரண்டு பேர் வந்து அந்த நிலத்தை டேப் பிடித்து அளந்ததை என் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். பௌர்ணமிக்கு வரும் கார்களை நிறுத்த இடம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் ஜாஸ்தி. கன்றின் கண் அவளுக்கு ஒரு காரணமாகக் கிடைத்துவிட்டதோ என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

மறுநாள் நர்சரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் தொட்டிகளின் மேல் சாக்கை இழுத்து மூடினார். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

"மருந்தா? வேப்பெண்ணெயைத் தவிர நான் எதையும் தொடறதில்ல மேடம்" என்றார். பிறகு தயங்கிச் சாக்கை விலக்கினார். செம்பருத்திக் கன்றுகளின் தண்டெல்லாம் வெள்ளையாக மாவுப்பூச்சி. அவற்றைச் சுற்றி அதே மஞ்சள் எறும்புகள். "இதுங்க அந்தப் பூச்சிக்குக் காவல் மேடம். பூச்சி விடற இனிப்பைக் குடிச்சிட்டு, வேற எதையும் கிட்ட வுடாது. வாங்க வர்றவங்க பாத்தா திரும்பிப் போயிடுவாங்க, அதான் மூடினேன். எல்லாம் மாட்டுக் கொட்டாய்லேர்ந்துதான் வருது."

கொட்டகைக்காரி சொன்னது நேர் எதிர். "ஆந்திராலேர்ந்து லாரில தொட்டி எறக்கறாரே, அந்த மண்ணுல வந்ததுக்கா. எங்க வீட்ல எறும்பே கெடையாது."

எறும்பே கிடையாது என்பது சரியில்லை. சனிக்கிழமைதோறும் அவள் கொட்டகை ஓரத்துப் புங்கமரத்தடியில் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஏழரைச் சனி.

எங்கள் ஊரில் எறும்பை வகைப்படுத்த ஒரே கேள்வி போதும்: கடிக்குமா, கடிக்காதா? கடித்தால் அது வெறும் எறும்பு, மிதித்துவிட்டுப் போகலாம். கடிக்காவிட்டால் பிள்ளையார் எறும்பு. மிதித்தால் பாவம், தீனி போட்டால் புண்ணியம். நூலகத்தில் அவ்வளவு பெரிய அறிவுலகத்தையே பத்துப் பகுப்புகளுக்குள் அடக்கி வைத்திருந்தோம். இரண்டே பகுப்பில் ஓர் இனம் முழுவதையும் அடக்கிய இந்த முறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நம்பிக்கை இல்லை.

நூலகத்துக்கு முன்பு வந்துகொண்டிருந்த ஒரு பெண் இப்போது வேளாண் கல்லூரியில் பூச்சியியல் பாடம் எடுக்கிறாள். அவளுக்குப் படம் அனுப்பினேன். படம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, உணர்கொம்பில் எத்தனை கணு என்று எண்ணுங்கள், வயிற்று நுனியில் கொடுக்கு இருக்கிறதா, சிறு துளை இருக்கிறதா பாருங்கள் என்றாள். பழைய எழுத்துகளைப் படிக்க வாங்கிய பூதக்கண்ணாடியோடு ஒரு முற்பகல் போனது. பதினொரு கணு. கொடுக்கு இல்லை. நுனியில் மயிர் வளையம் சூழ்ந்த ஒரு துளை.

"மஞ்சள் கிறுக்கெறும்பு" என்று போனில் சொன்னாள். "ஓட்டத்தைப் பாத்து வெச்ச பேரு. கடிக்காது, கொட்டாது மேடம். அந்தத் துளை வழியா அமிலத்தைப் பீச்சும். நம்ம தோல்ல பட்டா தெரியாது. கன்னுக்குட்டி கண்ணுல பட்டா அவ்ளோதான்."

"எந்த ஊர் எறும்பு இது?"

சிரித்தாள். "அதுதான் சண்டையே. ஆப்பிரிக்கான்னு ஒருத்தர் சொல்வாங்க, ஆசியான்னு இன்னொருத்தர். கப்பல், மண்ணு, தொட்டி, மரக்கட்டைன்னு எதுல வேணா ஏறி, வெப்ப நாடு எல்லாத்துக்கும் போயிடுச்சு. அறிவியல் பேர்ல வர்ற பேரினம்கூட மாறி மாறித்தான் இப்ப இருக்கற பேருக்கு வந்துது."

எனக்கு அது புரிந்தது. ஆசிரியரின் ஊர் தெரியாத நூல்கள் இப்படித்தான் அலமாரி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் தை மாதத்துக்குள் ஒருவர் பிழைப்பு போவதா நிற்பதா என்பதற்கு இது பதில் இல்லை.

பரவலைப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கூட்டம் கலைந்த பிறகு, கிரிவலப் பாதையில் நடந்தேன். இலைத் துண்டில் வெல்லம் வைத்து, சற்று உட்கார்ந்து, எது வருகிறது என்று பார்த்து, அடுத்த இடம். ஒரு கடைக்காரர் என்னைப் பரிகாரம் செய்பவள் என்று நினைத்து, "இந்த மரத்தடிலதான் எல்லாரும் போடுவாங்கம்மா, இங்க வைங்க" என்று காட்டினார். அவர் காட்டிய மரத்தடியில் மஞ்சள் எறும்பு மொய்த்தது. பக்தர்கள் ரவை போடும் மற்ற மரத்தடிகள் பலவற்றிலும் அதுவே. நடுவில் இருந்த சும்மா மரங்களில் பழைய கறுப்பு எறும்புகள்தான். மஞ்சள் எறும்பு புகுந்த இடத்தில் கறுப்பு ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இவ்வளவு நடந்து நான் அறிந்தது எறும்பு எங்கே செழித்திருக்கிறது என்பதை. யார் கொண்டுவந்தது என்பதை இல்லை. அந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கலாம்.

இதற்குள் எதிர்வீட்டில் இன்னொரு மாடு சினை முற்றியிருந்தது. புரட்டாசிக்குள் நர்சரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். நர்சரிக்காரர் என் வாசலுக்கு வந்து நின்றார். "நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். இத்தனை செடியத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?" இருவரையும் அடுத்த நாள் காலை வரச் சொன்னேன்.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் ஒரு பக்கம் நர்சரி எறும்புகள், மறுபக்கம் புங்கமரத்தடி எறும்புகள், நடுவில் அட்டை. வேறு வேறு கூட்டத்து எறும்புகளைச் சேர்த்தால் சண்டை போடும் என்று படித்திருந்தேன்.

"அதுங்க நம்ம எறும்பு இல்லியே?" என்றாள் அவள், நர்சரிப் பக்கத்தைக் காட்டி.

"உன் மரத்தடி எறும்பு எது?"

"அது மஞ்சப் புள்ளையாருக்கா. வெரல வெச்சுப் பாத்தேன், கடிக்கவே இல்ல. மஞ்சள்ல புடிச்சு வெச்ச புள்ளையாராட்டமே கலரு, பாருங்க. குட்டி கண்ண கெடுத்தது இவரோடது."

அட்டையை எடுத்தேன். எறும்புகள் ஒன்றையொன்று நெருங்கின. உணர்கொம்பால் தடவிக்கொண்டன. பிறகு எல்லாம் சேர்ந்து நடுவிலிருந்த சர்க்கரைக்குப் போயின. எது எந்தப் பக்கத்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"சம்பந்திங்க மாதிரி கொஞ்சிக்குதுங்க" என்றார் நர்சரிக்காரர்.

"நீ சும்மா இருப்பா" என்றாள். ஆனால் கிண்ணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ நான் சனிக்கிழமை சனிக்கிழமை சோறு போட்டது இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"கடிக்கலியேக்கா!"

"கடிக்காமலே கண்ணைக் கெடுக்கும்" என்றேன்.

உடனே அவள் நிமிர்ந்தாள். "சரி, ஒரே எறும்பாவே இருக்கட்டும். அவர்கிட்டேர்ந்துதான எனக்கு வந்துது?" அவர், "உங்ககிட்டேர்ந்து எனக்கு வந்திருக்கக் கூடாதா?" என்றார். பழைய இடத்துக்கே வந்து நின்றோம்.

கல்லூரிப் பெண் முதலில் கூட்டைத் தேடச் சொல்லியிருந்தாள். மூவரும் கொட்டகைக்குப் போனோம். கொட்டகைக்கும் நர்சரிக்கும் நடுவே எருச் சாக்குகள் அடுக்கியிருந்தன. மாட்டுச் சாணியை மட்க வைத்து அவள் நர்சரிக்குக் கொடுப்பாள்; அவர் தொட்டி மண் வந்த சாக்குகளைக் காலியாக்கி அவளுக்குத் திருப்பித் தருவார். வாராவாரம் நடப்பது. அடிச் சாக்கை அவர் புரட்டியதும் தரையே அசைந்தது. வெள்ளைக் கூட்டுப்புழுக்கள், அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் எறும்புகள், நடுவில் பருத்த ராணிகள், ஒன்றல்ல பல.

எரு அவளுடையது. சாக்கு அவருடையது.

கூட்டில் ஊற்ற வெந்நீர் வைக்க அவளே உள்ளே போனாள். அவர் சாக்குகளை வெயிலில் பரப்பினார். எறும்பு இறங்கிவர வழியாக, கொட்டகைக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த புங்கங்கிளையை அடுத்த நாள் வெட்டினார்கள். சினைமாடு ஈன்றபோது கன்றைச் சிமெண்ட் தரையில் தனியாகக் கட்டினாள். அதற்குக் கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. தை பிறந்தது, நர்சரி அங்கேயே இருக்கிறது, குத்தகை இன்னொரு தை வரை.

ஏன் மனம் மாறினாள் என்று கேட்டேன். "சாக்கு கட்டிக் குடுத்தது என் கைதானக்கா. அவரை மட்டும் எப்படிப் போன்னு சொல்றது?" என்றாள். நல்ல பதில். ஆனால் டேப் பிடித்தவர்கள் அடுத்த தெருவில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். இரண்டில் எது முந்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசி முதல் சனிக்கிழமை, காலை பால் ஊற்றிவிட்டு வந்தவள் என் வாசலில் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் கிண்ணம். என் வேப்பமரத்தடியில் ரவை.

"என்னம்மா செய்யற?"

துள்ளி நிமிர்ந்தாள். "ஏழரை இன்னும் முடியலக்கா. பாதில நிறுத்தினா பையனுக்கு ஆகாது." பிறகு, என் முகத்தைப் பார்த்து, சமாதானமாக: "உங்க வீட்டாண்டதான் மாடு இல்லியே?"

அவள் போனதும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது கறுப்பு எறும்புதான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.