கிழட்டு போர்டும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

சுங்குவார்சத்திரத்தில் நானும், அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த தெற்கத்திப் பையன் ஒருவனும் ஓர் அறையில் இருந்தோம். எனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு இரவு. ஒரே பாய், ஒரே ஃபேன், ஒரே கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்னுடையது, மூடிய ஆபீஸ் ஒன்றிலிருந்து மலிவாக வாங்கிய கிழம். லைனில் ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி எனக்கு வாழ்க்கையே வெறுத்திருந்தது. டிராயிங் செக்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், வரைந்து பழகியதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். லைனைவிட்டுத் தப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வரையும் சாஃப்ட்வேரை ஏற்றியதுமே ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. வரைந்ததை வைக்க இடமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என்னிடம் இருப்பது எந்தக் காலத்து மெஷின் என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் சொன்னார்:

"புச்செல்லாம் இதுல வேலைக்காவாது சார். உன் மதர்போர்டு கிழவன், பெரிய டிஸ்க்க அதுக்கு அடையாளமே தெரியாது. பழசுதான் போடணும்."

விலையைச் சொன்னார். புதியதைவிட அதிகம்.

"பழசுக்கா இவ்வளவு?"

"இப்ப பழசு எங்க கீது? கம்பெனிக்காரனே வுட்டுட்டான். என்னாண்ட ஒண்ணே ஒண்ணுதான் கீது."

பத்து மடங்கு இடமுள்ள டிஸ்க் பக்கத்திலேயே மலிவாகக் கிடக்க, அந்தப் பழசை வாங்கி இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது, அதே கண்ணாடி அலமாரியில் இன்னொரு 'ஒண்ணே ஒண்ணு' உட்கார்ந்திருந்தது.

இருந்தாலும் ராப்பகலாக வரைந்து, தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டேன். ஃப்ளாப்பியில் ஒரு நகல் எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஃப்ளாப்பி டிரைவ் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்கும் பழைய பாகம் வேண்டும், அதற்கும் அதே கடைக்காரர்தான். ஆகவே தேர்வன்று காலையில் டிஸ்க்கையே கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, பிரின்ட் எடுக்கத் தண்டலத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மாட்டிப் பார்த்தால் டிஸ்க் துடைத்துவிட்டதுபோல் காலி.

அறைக்கு ஓடினேன். அவன் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்தான். அவர்கள் லைனில் அந்த மாதம் சுத்தம் பேணும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஷிஃப்டை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முன் தேவையில்லாததையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும்.

"பேரு வெளங்காத ஃபைல் பூராத்தையும் நேத்தே தூக்கிட்டேன் அண்ணாச்சி" என்றான் பெருமையாக. "எடம் வேணும்னுதானே அவ்வளவு வெல குடுத்து வாங்குனீய?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேர்வுக்கு வெறுங்கையோடு போனேன், வெறுங்கையோடு திரும்பி வந்தேன். விஷயம் தெரிந்ததும் அவனும் அழுதான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு, தான் அழித்தது என்னவென்றாவது தெரிந்துகொள்கிறேன் என்று அதே கம்ப்யூட்டரில் வரையப் பழகினான். நான் கோபத்தில் அதைத் தொடுவதையே விட்டிருந்தேன்.

மறுவருஷம் டிராயிங் செக்ஷனுக்கு அவனை எடுத்துக்கொண்டார்கள். என் லைனுக்கு வரும் டிராயிங்குகளில் கீழ் மூலையில் அவன் கையெழுத்து இருக்கும். ஏதாவது தப்பு கிடைக்காதா என்று ஒவ்வொன்றையும் உற்றுப் பார்ப்பேன். பாவிப்பயல், சுத்தமாக வரைவான்.