டேப்பட் சத்தம்

ராத்தா இறந்த பிறகு மச்சானும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். அக்காவை எங்கள் வீட்டில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். மச்சான் அவளுடைய கணவர். மும்பையில் தாராவியிலிருந்து கோபர்கைரனேவுக்கும் அம்பர்நாத்துக்கும் தோல் பைகள் ஏற்றிப்போகும் டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். என் கேரேஜ் அவர் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. வருவார், பிரேக் பிடிக்கவில்லை என்பார், நான் சரி செய்து கொடுப்பேன், போய்விடுவார். அவளை ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சம் முன்னால் கூட்டிப் போயிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வண்டியின் டேப்பட், அதாவது வால்வை அமுக்கும் பாகம், தட்டிக்கொண்டிருந்ததால் சரிசெய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதால் முந்தின நாளே வண்டியை விட்டுப் போயிருந்தார். வேலையாள் ஊருக்குப் போயிருந்தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே படுத்து ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும், இன்னொருவர் மேலே குனிந்து ஒவ்வொரு வால்வாக இடைவெளி வைக்க வேண்டும். மச்சான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

“சுத்துங்க.”

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க.”

வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய அளவுத் தகடு நுழைகிற அளவுக்கு இடம் விட வேண்டும். தகட்டை இழுத்தால் லேசாகப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும், சிக்கக் கூடாது. இடைவெளி கூடிப்போனால் டக் டக் என்று தட்டும், ஊரே திரும்பிப் பார்க்கும். குறைந்துபோனால் சத்தமே வராது. ஓட்டுகிறவர் சந்தோஷமாகப் போவார். ஆனால் சூடேறியதும் வால்வு முழுக்க மூடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துபோகும்.

பாதி வேலையில் கீழேயிருந்து குரல் வந்தது. “மாப்ள, இந்தத் தடவ ஆவாஜே வரக்கூடாது. தட்டுற சத்தத்த சுத்தமா இல்லாம பண்ணிரு.”

“டைட்டா வச்சா வால்வு எரிஞ்சிரும் மச்சான். உங்களுக்குத் தெரியாததா?”

“எரிஞ்சா எரியட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்:

“கோபர்கைரனேல ஒரு எடம் சொல்லியிருக்காங்க. புருசன் மவுத்தாகி தனியா இருக்கவ. நீ வந்து உக்கார வச்சாத்தான் நடக்கும்.”

எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. மனைவியை இழந்தவர் மறுபடி நிக்காஹ் செய்தால், முதல் மனைவியின் சகோதரன்தான் அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மாப்பிள்ளை இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அவன் வராவிட்டால் பெண் வீட்டார் யோசிப்பார்கள். வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ராத்தாவின் துணிமணிகள்கூட இன்னும் அந்த வீட்டுக் கொடியில்தான் கிடந்தன.

“அதுக்கும் ஆவாஜுக்கும் என்ன?” என்றேன்.

வண்டிக்கு அடியில் அவர் முகம் தெரியவில்லை, ஸ்பேனரைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

“வண்டி சந்துல திரும்பும்போது இந்த ஆவாஜக் கேட்டுத்தான் அவ மாடி ஜன்னலத் தொறப்பா. தொறந்து பாத்துட்டு டீக்கு அடுப்பப் பத்த வைப்பா. இப்பவும் திரும்புற நேரத்துல தலை தன்னால மேல போவுது, மாப்ள. வாரவள பக்கத்துல வச்சுக்கிட்டு நான் அப்படிப் பாக்கக் கூடாதுல்லா.”

ராத்தாவை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து அவர் சொன்னதைக் கேட்டதும்தான் வந்தது. அவளை நினைத்துக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான் என்று இத்தனை நாளும் வீம்பாக நம்பியிருந்தேன். கையில் எண்ணெய் இருந்ததால் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சுத்துங்க” என்றேன். சுற்றினார். மீதி வால்வுகளையும் சரியான அளவுக்கே வைத்தேன்.

வண்டியைக் கிளப்பியபோது பெரிய தட்டல் போயிருந்தது. அதற்கடியில் மெல்லிய டிக் டிக் மட்டும் இருந்தது. மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இன்னும் கேக்குதே.”

“கேக்கும். கேட்டாத்தான் வால்வு நல்லாருக்குன்னு அர்த்தம்.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன், “என்னைக்குன்னு சொல்லுங்க. நான் வாரேன்.”

நிக்காஹ் முடிந்து மத்தியானம் அதே பிக்கப்பில் திரும்பினோம். நான் ஓட்டினேன், மச்சான் நடுவில், புதிதாக வந்தவர் ஜன்னலோரம். மச்சான் வீட்டுச் சந்துக்குள் திருப்பியதும் இரண்டு பக்கச் சுவரிலும் பட்டு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது.

“வண்டில ஏதோ தட்டுதே, ரிப்பேரா?” என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாத்தியிருந்தது.

“இல்ல, அது இருக்கணும்” என்றார்.

அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, அவர் பார்க்கும் ஜன்னலைத் தானும் பார்த்தார்.