இக்னேசியஸ் காத்திருந்த நேரம்

இது நடந்தது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மூன்று நாளும் காலை பத்தே முக்காலுக்கும் பதினொரு மணிக்கும் இடையில், திருகோணமலையிலிருந்து கன்னியாவுக்குப் போகும் வீதியில், மண்டை பிளக்கும் வெயிலில் நடந்தது. இருட்டு, நாய் ஊளை, மல்லிகை வாசம் எதுவும் இதில் இல்லை. அவை இருந்திருந்தால் இக்னேசியஸ் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இக்னேசியஸ் வாடகைக் கார் ஓடுகிறவர். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி அவருடைய கறுப்பு மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் நிற்கும். சமாதானம் என்று சொல்லிப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்குப் போன சனம் ஊர் பார்க்க வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சோதனைச் சாவடிகள் போய்விடவில்லை. மரியாதை மட்டும் கூடியிருந்தது. முன்பு 'இறங்கு' என்றவர்கள் இப்போது 'இறங்குங்க' என்றார்கள். எப்படிச் சொன்னாலும் இறங்கத்தான் வேண்டும்.

கன்னியா வீதிச் சாவடியில் முறை இதுதான். டவுனுக்கு வரும் பயணிகள் எல்லாரும் இறங்கி, இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் தகரம் அடித்த ஒடுங்கிய பாதையால் நடக்க வேண்டும். நூற்றைம்பது யார் தூரம் இருக்கும். சாரதி மட்டும் வெறும் காரைத் தார்ப்பீப்பாய்களுக்கு இடையால் வளைத்து வளைத்து ஓட்டி, மற்றப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். தகரத்துக்குள் நடப்பவர்களைச் சாரதி காண முடியாது. சாரதியை அவர்களும் காண முடியாது.

1990 ஜூன் மாதம், சண்டை திரும்பத் தொடங்கிய நாலாம் நாள், இக்னேசியஸின் மனைவி கிறேஸ் அந்தத் தகரத்துக்குள் போனாள். கன்னியாப் பக்கம் இருந்த அவளுடைய தமையன் அல்பிரட்டைப் பார்த்துவிட்டு இருவரும் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவர் காரைக் கொண்டுவந்து டவுன் பக்கம் நிறுத்தினார். அவள் வரவில்லை.

இந்தக் கதையை இக்னேசியஸ் தன் பயணிகள் எல்லாருக்கும் சொல்வார். கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கிறேஸ் காணாமற்போன சாவடி என்று அதுவும் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாகிவிட்டது. முதல் வருடம், "ஒரு மணித்தியாலம் காத்திருந்தனான்" என்றார். பிறகு அது மத்தியானம் வரை நீண்டது. சமாதானம் வந்தபோது, "பின்னேரம் ஆறு மணி மட்டும்! பிடரியில துவக்கை வச்சாங்கள். நான் அசையேல்லை" என்பதில் வந்து நின்றது. கேட்ட வெள்ளைக்காரிகள் அழுதிருக்கிறார்கள். பங்குச் சுவாமி ஒருமுறை, மனைவியரிடம் அன்பு செலுத்துவது எப்படி என்ற பிரசங்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இக்னேசியஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதை எல்லாரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை, பதினொரு நிமிடம்.

பத்து நாற்பதுக்குக் காரை நிறுத்தினார். பத்து ஐம்பத்தொன்றுக்குச் சாவடிக்குள் வெடிச்சத்தம் கேட்டது. யாரோ ஒருவன் 'போ, போ' என்று கையை வீசினான். எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது சாவடி மூடிக் கிடந்தது. வீதியில் ஒரு குருவி கூட இல்லை.

இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. தனக்கு மட்டும் தினமும் ஒன்றைச் சொல்லிக்கொள்வார். அவள் வெளியே வரவேயில்லை, உள்ளேயே பிடித்துவிட்டார்கள், நான் உண்மையாகவே ஆறு மணி வரை நின்றிருந்தாலும் அவள் வந்திருக்க மாட்டாள். பதின்மூன்று வருடமாக இக்னேசியஸ் நித்திரை கொண்டது இந்த ஒரு நினைப்பின் மேல் தலை வைத்துத்தான்.

லண்டனிலிருந்து வந்த சோமசேகரம் மூன்று நாளுக்குக் காரைப் பேசினார்.

"எனக்குப் புரோகிராம் எண்டு ஒண்டும் இல்லை, ட்றைவர். மனம் போற பக்கம் கார் போகவேணும். அவ்வளவுதான்."

"ஓம் ஐயா."

பிறகு கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூன்று நாளும் நிமிடக் கணக்கில் தட்டச்சு அடித்திருந்தது. இரண்டாம் நாள், 2.15 முதல் 2.40 வரை என்பதற்கு எதிரே மட்டும் 'மனம் போல்' என்று போட்டிருந்தது.

"நான் போக்குவரத்து ஆலோசகர்," என்றார் சோமசேகரம்.

"பஸ் டிப்போவில நேரம் எழுதுறவர், அண்ணை," என்றாள் பின்சீற்றில் இருந்த அவர் மனைவி புஷ்பவதி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

முதல் நாள் காலை கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சோமசேகரம் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றி, எந்தக் கிணறு எத்தனை பாகை சூடு என்று கை வைத்தே தீர்ப்புச் சொன்னார். திரும்பும்போது சாவடி. இக்னேசியஸ் டவுன் பக்கம் காரை நிறுத்தியபோது பத்து நாற்பத்திரண்டு. வரிசை நீளம். பத்து ஐம்பத்தாறுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். புஷ்பவதி மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணை, இந்தப் பாதை ஒரு வழிதானே?"

"ஓம் அம்மா. டவுனுக்கு வாற ஆக்கள் மட்டுந்தான் இதால வரலாம்."

"ஒரு பிள்ளை எதிர்ப்பக்கமா வந்தவ..."

"ஒருத்தரும் வரேல்லை," என்றார் சோமசேகரம். "நான்தானே முன்னுக்கு நடந்தனான்."

"என்ரை கையைப் பிடிச்சவ. இந்த வெயிலுக்குக் கை ஐஸ் மாதிரி. என்னவோ கேக்க வந்திட்டு, உங்கட சத்தத்தில பேசாமல் போயிட்டா."

இக்னேசியஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வழமையான இடம் வந்ததும் வழமையான கதையைச் சொன்னார். ஆறு மணி வரை. துவக்கு. பிடரி. சோமசேகரம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் தாளின்படி நிலாவெளிக் கடல்.

"கன்னியாவுக்குப் போவம்," என்றாள் புஷ்பவதி.

"நேற்றுத்தானே போனம்?"

"மனம் போற பக்கம் எண்டுதானே கார் பேசினீங்கள்? என்ரை மனம் அங்கை போகுது. அந்தப் பிள்ளை ஆரையோ தேடுறா. இரவு முழுக்க அவவின்ரை முகந்தான்."

"மனம் போறது ரெண்டேகாலுக்கு," என்றார் சோமசேகரம். யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது இக்னேசியஸ் டவுன் பக்கம் நின்றார். பத்து ஐம்பது. ஐம்பத்தொன்று. எஞ்சின் சூடு ஆறும் சத்தம்... டிக்... டிக்... பத்து ஐம்பத்தாறு. புஷ்பவதி முதலில் வந்தாள். காரில் ஏறவில்லை.

"அண்ணை... அதே பிள்ளை. அதே உடுப்பு."

"என்ன உடுப்பு?"

ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"பச்சைப் பாவாடை. வெள்ளைச் சட்டை. கழுத்தில செபமாலை... செபமாலையை ஆரும் கழுத்தில போடுவினமோ, அண்ணை?"

இக்னேசியஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். போட மாட்டார்கள். கையில்தான் வைத்திருப்பார்கள். கிறேஸ் காணாமற்போன அன்று காலை, கெட்ட நாள், தூரத்தில் கண்டாலே வேதக்காரி என்று தெரியட்டும் என்று, அதை அவள் கழுத்தில் போட்டுவிட்டவர் அவர்தான். இந்த ஒன்றை அவர் எந்தப் பயணிக்கும் சொன்னதில்லை. வெள்ளைக்காரிகளுக்குக் கூட.

"என்ன... என்ன கேட்டவ?"

"'அக்கா, அந்தப் பக்கம் என்ரை மனுசனைக் கண்டனீங்களோ?' எண்டு."

அந்தப் பக்கமா? இக்னேசியஸுக்கு விளங்கவில்லை. அவர் நின்றது இந்தப் பக்கம். அவளுக்கு அது தெரியும். பிறகு ஏன் டவுனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியே...

அன்றைக்கு அவர் கதை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து நின்றார். முகம் வழித்திருந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை.

"ஐயா, இண்டைக்கும் கன்னியாவுக்குப் போவமோ?"

"ஆர் இஞ்ச புரோகிராம் போடுறது? நீரோ, நானோ?"

"உங்கட புரோகிராமைக் கொண்டுபோய்க் கிணத்துக்க போடுங்கோ," என்றாள் புஷ்பவதி. "ஏழு கிணறு இருக்கு. நாளுக்கு ரெண்டாப் போட்டாலும் மிஞ்சும்."

போனார்கள். யாரும் குளிக்கவில்லை. பத்தரைக்குத் திரும்பினார்கள். சாவடிக்குக் கிட்ட வந்ததும் இக்னேசியஸ் காரை ஓரங்கட்டி இறங்கினார்.

"ஐயா, நீங்கள் கார் ஓடுவீங்களோ?"

"லண்டனில முப்பது வருசம்..."

வசனம் முடியுமுன் சோமசேகரம் சாரதி ஆசனத்தில் இருந்தார். சாவடிக்காரனுக்குக் காருக்குள் ஒரு ஆள், வெளியே மிச்ச ஆட்கள். யார் எந்த ஆள் என்பது அவன் கவலை இல்லை.

இக்னேசியஸ் தகரத்துக்குள் கால் வைத்தார். பத்து நாற்பத்தேழு. ஆயுளில் முதல் தரம். சாரதிகள் அந்தப் பாதையால் நடப்பதில்லை.

இரண்டு பக்கமும் தகரம் கொதித்தது. முன்னால் ஒரு சைக்கிள்காரன், இரண்டு பெண்கள். பின்னால் புஷ்பவதி. வெளியே மொறிஸ் கியர் விழாமல் கதறியது... க்ர்ர்ர்... க்ர்ர்ர்... சோமசேகரம் இங்கிலிஷில் அதைத் திட்டுவது கேட்டது.

வரிசை நின்றது. நகர்ந்தது. நின்றது.

பத்து ஐம்பத்தொன்று.

முன்னால் போனவர்கள் ஒரு வளைவில் மறைந்தார்கள்.

கார்ச் சத்தம் நின்றுவிட்டது. வேறு சத்தமும் இல்லை. காகம் இல்லை. காற்று இல்லை.

பத்து ஐம்பத்தைந்து.

டிக்... டிக்... டிக்...

எஞ்சின் அல்ல. மணி. செபமாலை மணியோடு மணி தட்டும் சத்தம்.

வெயில் அப்படியே இருந்தது. சூடு மட்டும் இல்லை.

அவள் வந்தாள்.

டவுன் பக்கமிருந்து, அவசரமாக. பச்சைப் பாவாடை. இருபத்தொன்பது வயது. ஒரு நாள் கூடக் கூடவில்லை.

புழுதியில் கால் பட்டது. சத்தம் வரவில்லை.

அவருக்கு முன்னால் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். நரைத்த தலை, கண்ணாடி, தொங்கிய கன்னம்...

அவளுக்கு அவரைத் தெரியவில்லை.

"ஐயா..."

கிறேஸ் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஐயா, அந்தப் பக்கம் என்ரை மனுசனைக் கண்டனீங்களோ? கறுப்பு மொறிஸ் கார்... மறிச்சு வச்சிருக்கிறாங்கள் போல."

ஆறு மணிக் கதையை ஆயிரம் பேருக்குச் சொன்ன வாய்.

திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

மணிக்கட்டில் ஒரு குளிர். ஐந்து விரல். பிடித்தது... விட்டது.

போனாள்.

அவர் திரும்பிப் பார்த்தபோது பாதையில் புஷ்பவதி மட்டும் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்களும் கண்டனீங்கள்தானே, அண்ணை?"

டவுன் பக்கம் மொறிஸ் வீதிக்குக் குறுக்கே நின்றுபோயிருந்தது. சோமசேகரம் எதிரே இருந்த தேத்தண்ணிக் கொட்டிலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டில் போன கிழமைதான் முளைத்தது. கடைக்காரர் ஸுஹைர் நானா 1990இலும் இதே இடத்தில் கடை வைத்திருந்தவர். அந்தக் கிழமையே குடும்பத்தோடு ஓடி, புத்தளத்தில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு, இப்போதுதான் திரும்பியிருந்தார். கார் நின்றுபோன வெட்கத்தை மறைக்க, சோமசேகரம் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறத்தியார் கதைதான் கிடைத்தது.

"வாறார், பாரும்! இவர்தான் அந்த மனுசன். மனிசிக்காகப் பின்னேரம் ஆறு மணி மட்டும், பிடரியில துவக்கோட, இதிலையே நிண்டவர்!"

ஸுஹைர் இக்னேசியஸைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி இக்னேசியஸைப் பார்த்தார்.

"ஆறு மணியா? இல்லையே சேர். நான் அண்டைக்கு இதிலதானே கடையில நிண்டனான். இந்தக் கறுப்புக் கார் ஒரு பத்து நிமிசம் நிண்டிருக்கும். வெடி கேட்டவுடன எடுத்திட்டுப் போயிட்டுது."

சோமசேகரத்தின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"பதினொண்டு," என்றார் இக்னேசியஸ். "பதினொரு நிமிசம்."

பதின்மூன்று வருடத்தில் முதல் தரம். யாரும் தொப்பியைக் கழற்றவில்லை.

பிறகு அவர் கொட்டிலின் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குரல் கெஞ்சியது.

"அவ வெளியில வரேல்லைத்தானே, தம்பி? நான் நிண்டிருந்தாலும்... வந்திருக்க மாட்டாதானே?"

ஸுஹைர் துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"வந்தவ, அண்ணே."

இக்னேசியஸ் தூணை விடவில்லை.

"உங்கட கார் போய், ஒரு பிளேன்டீ ஆத்துற நேரம். நாலு நிமிசம் இருக்கும். பச்சைப் பாவாடை. இதில நிண்டு றோட்டை அங்கயும் இங்கயும் பாத்தா. கார் போயிட்டுது தங்கச்சி, நீங்களும் டவுனுக்கு ஓடுங்க எண்டு நான் கத்தினனான். சிரிச்சா."

"சிரிச்சாவோ?"

"ஓம். 'சும்மா சொல்லாதீங்கோ நானா. அவர் என்னை விட்டிட்டுப் போற ஆளில்லை. அந்தப் பக்கத்தில மறிச்சுப் போட்டாங்கள்' எண்டா."

ஸுஹைர் துணியைப் பிடித்த கையால் தகரத்தைக் காட்டினார்.

"ஆர் கூப்பிட்டும் நிக்கேல்ல. உங்களக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு, திரும்பி உள்ளுக்க ஓடினவ."