வலது காலுக்கான லேஸ் சாக்ஸ்

கூர்மையான பொருள்களை யாரும் வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது. தாதிமை இல்லத்துக் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் விதி இது. அதற்குக் கீழே மெல்லிய எழுத்தில் இன்னொரு வரி உண்டு: கைவேலைக்கோ சிகிச்சைக்கோ தேவைப்பட்டால் தலைமைத் தாதி எழுத்து மூலம் விலக்கு அளிக்கலாம். எனக்குப் பொருந்தியிருக்க வேண்டியது இந்த இரண்டாவது வரி. இதுபோன்ற மெல்லிய வரிகளை எழுதித்தான் நான் ஓய்வுபெறும்வரை சம்பளம் வாங்கினேன். அவற்றை எதற்காக எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம் அல்லவா, அதற்காக.

நான் கேட்டது பின்னல் ஊசிக்கு.

என் மனைவி வேலை பார்த்த அலுவலகம் வெளியே கொதிக்கும் நாளிலும் உள்ளே பனிமலைபோல் இருக்கும். எல்லாரும் நாற்காலியில் ஒரு குளிர்ச்சட்டையை மாட்டி வைத்திருப்பார்கள். அவளுக்குக் காலில்தான் குளிர். தடித்த சாக்ஸ் போட்டால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் கால் வெந்துபோகும். அதனால் மெல்லிய கம்பளி நூலில் ஓட்டை ஓட்டையாக லேஸ் சாக்ஸ் பின்னக் கற்றுக்கொண்டாள். அவள் பின்னுவது ஒரே வடிவம்: பாதத்திலிருந்து கணுக்கால்வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் இலைகள். புத்தகம் எதையும் பார்க்க மாட்டாள். தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே பின்னுவாள். அமைச்சர் பேசி முடிப்பதற்குள் ஓர் இலை வந்திருக்கும்.

பக்கவாதம் வந்த வாரத்தில் அவள் ஒரு சாக்ஸை முடித்திருந்தாள். ஜோடியைத் தொடங்கியிருக்கவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு மின்தூக்கி இருந்தது, சக்கர நாற்காலி நுழையும் குளியலறை இல்லை. எனவே குவீன்ஸ்டவுனில் இருக்கும் ஓர் இல்லத்தில் சேர்த்தேன்.

வலது பாதம் எப்போதும் சில்லென்று இருந்தது. இல்லத்தில் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் கொடுத்தார்கள், வழுக்காமல் நடப்பதற்கு. நடக்க முடியாதவளுக்கு வழுக்கும் அபாயம் இல்லை என்று நான் சொன்னதைத் தாதி குறித்துக்கொண்டார். என் மனைவி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வலது காலில் மாட்டியதை இடது காலால் தள்ளித் தள்ளிக் கீழே போட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அந்த ஒற்றை லேஸ் சாக்ஸை எடுத்துக் காட்டினாள். வலது பாதத்தைக் காட்டினாள். கடைசியாக என்னைக் காட்டினாள்.

பக்கத்துக் கட்டிலில் என்னைவிட மூத்த ஒரு அம்மா இருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காத கோபத்தை என்மேல் காட்டுவார்.

"தம்பி, உங்களத்தான் பின்னச் சொல்றாங்க."

"எனக்குப் பின்னத் தெரியாதேம்மா."

"அவங்களுக்குப் பேசத் தெரியாம போச்சு. பேசுறாங்கல்ல?"

நான் ஒரு புத்தகம் வாங்கினேன். வீடியோக்கள் பார்த்தேன். நான்கு சிறிய ஊசிகளில் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, வட்டமாகப் பிரித்துவைத்து ஐந்தாவது ஊசியால் பின்ன வேண்டும். லேஸின் ஓட்டை தானாக வருவதில்லை. ஊசிமேல் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் ஓட்டை வரும், ஒரு கண்ணி கூடிவிடும். அதை ஈடுகட்ட, பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். ஒரு பதவியை உருவாக்கினால் இன்னொன்றை ஒழிக்க வேண்டும் என்ற எங்கள் பழைய ஆள்சேர்ப்பு விதிதான் இது. எனக்குச் சட்டென்று விளங்கியது. விரல்களுக்குத்தான் விளங்கவில்லை.

ஒருவழியாக மேல்பகுதியை முடித்துக் கொண்டுபோனேன். அவள் என்னுடையதையும் தன்னுடையதையும் போர்வைமேல் அருகருகே வைத்தாள். என்னுடையதைத் தலைகீழாகத் திருப்பினாள். மறுபடி நேராக்கினாள். பக்கத்துக் கட்டில் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஒரு காலுல இலை முளைக்குது, இன்னொரு காலுல உதிருது லா."

உண்மைதான். என் புத்தகம் சாக்ஸைக் கணுக்காலுக்கு மேலே தொடங்கி விரலில் முடிக்கச் சொன்னது. அவள் விரலில் தொடங்கி மேலே ஏறுபவள். ஆவணத்தை மேலிருந்து கீழாகப் படித்தே பழகியவன் வேறு எப்படித் தொடங்குவான்?

அவள் முகத்தின் இடது பாதி சிரித்தது. பிறகு ஒரு சொல் சொன்னாள். சேர்ந்த நாளிலிருந்து 'ம்', 'தண்ணி' தவிர நான் அவள் வாயிலிருந்து கேட்ட முதல் சொல்.

"பிரி."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். விரலிலிருந்து தொடங்கினேன். அதன்பிறகு ஒவ்வொரு வருகையிலும் 'பிரி' உண்டு. அவள் இடது கைக் கட்டைவிரலால் இலைகளைத் தடவிக்கொண்டே போவாள். எங்காவது நான் சேர்க்க மறந்த கண்ணி இருந்தால் விரல் நிற்கும். சிக்கல் என்னவென்றால், ஊசியை உள்ளே கொண்டுவர முடியாது. வீட்டிலேயே எல்லாக் கண்ணிகளையும் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலில் கோத்து, ஊசிகளை உருவி வைத்துவிட்டுக் கொண்டுபோவேன். அவள் பிழையைக் காட்டுவாள். திருத்த நான் ஃபேரர் பார்க் திரும்ப வேண்டும். அங்கே போனதும் அவள் காட்டிய பிழை எது, நான் வழியில் புதிதாக உண்டாக்கியது எது என்று தெரியாது.

வார்டில் இருந்த இளம் தாதியிடம் கேட்டேன். நம் தமிழ்ப் பிள்ளைதான், எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவார்.

"மூங்கில் ஊசிதாம்மா. நுனியத் தொட்டுப் பாருங்க. உங்க சாப்பாட்டுத் தட்டுல வர்ற ஃபோர்க் இதவிடக் கூர்."

"ஃபோர்க் டைனிங் ஐட்டம், அங்கிள். இது ஷார்ப்ஸ். கேட்டகிரியே வேற."

"விலக்கு இருக்கே. கையேட்டுல ரெண்டாவது வரி."

"அப்படியா?" என்று கையேட்டை வாங்கிப் படித்தார். "ஆமா லா, இருக்கு. அங்கிள் ரைட்டிங்ல போடுங்க. எனக்கும் அங்கிள் பின்றதப் பாக்கணும்னு ஆசைதான்."

எழுத்தில் போட்டேன். மேற்கோள், பின்னணி, கோரிக்கை, இணைப்புகள் என்று என் வாழ்நாளின் சிறந்த விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு தலைமைத் தாதி விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக இருந்தவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. விஷயம் பாதுகாப்புக் குழுவுக்குப் போனது. அவர்கள் ஊசியை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஊசிக்கு இரண்டு முனையும் கூராக இருப்பது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கினேன். அவளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளரின் கருத்து வேண்டும் என்றார்கள். அவர் நல்லவர், அன்றே எழுதிக் கொடுத்தார். பணிவான நினைவூட்டல் என்று தலைப்பிட்டு நான் அனுப்பியவற்றில் பணிவு படிப்படியாகக் குறைந்துவந்தது. இந்த வரிசையில் எந்தக் கட்டமும் தவறு இல்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் இதையெல்லாம்தான் கேட்டிருப்பேன். யார்மேல் கோபப்படுவது?

இடைக்கால ஏற்பாடாக, இல்லத்தை அடுத்த காப்பிக்கடையில் ஊசிகளோடு உட்காரத் தொடங்கினேன். மேலே போய்க் காட்டுவேன், 'பிரி' வாங்கிக்கொண்டு கீழே இறங்குவேன், திருத்துவேன், மறுபடி வருகையாளர் ஒட்டுவில்லை வாங்கி மேலே போவேன். பெரும்பாலும் நான் திரும்புவதற்குள் அவள் தூங்கிப்போயிருப்பாள். தேநீர் கலக்குபவர் நான் யாருக்கோ நேர்த்திக்கடன் செலுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சர்க்கரை கேட்காமலே குறைத்துப் போட்டார்.

எப்படியோ குதிகாலைத் தாண்டினேன். இலைகள் மேல்நோக்கி ஏறின.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாள். கட்டில் அதே கட்டில், பக்கத்தில் அதே அம்மா. நான் சாக்ஸை அவள் இடது கையில் வைத்தேன். கட்டைவிரல் இலைகள்மேல் போனது, எங்கும் நிற்கவில்லை.

"சரி," என்றாள்.

அந்தச் சொல்லை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பின்னியிருக்க மாட்டேன் என்றும் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கணுக்கால் பக்கத்தில் ஓர் இலைக்கு ஒரு பாதியே இல்லை. கண்ணி நழுவி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவளுடைய விரலையே எடுத்து அதற்குள் விட்டேன்.

"இங்க பாரு. தப்பு. பிரிக்கவா?"

விரல் அப்படியே ஓட்டைக்குள் இருந்தது. அவள் கூரையைப் பார்த்தாள்.

"சரி."

"பிரின்னு சொல்லும்மா," என்றேன். "பிரின்னு ஒரு தடவ சொல்லு."

"சரி."

பக்கத்துக் கட்டில் அம்மா ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

முடியாத அந்தச் சாக்ஸை, விளிம்பில் நூல் தொங்க, ஓட்டையோடு, வலது பாதத்தில் மாட்டினேன். பாதம் முன்பைப் போலவே சில்லென்று இருந்தது. இடது கால் அதைத் தள்ளிவிடும் என்று காத்திருந்தேன். பார்வை நேரம் முடியும் மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். இடது கால் அசையவில்லை.

மூங்கில் ஊசிகளை, தாதி ஒருவரின் மேற்பார்வையில், வார்டுக்குள் பயன்படுத்த அனுமதி அளிக்கப்பட்டிருப்பதாகவும் என் பொறுமைக்கு நன்றி என்றும் சொல்லும் பதில், தீபாவளிக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, அலுவலகம் திறந்த கையோடு வந்து சேர்ந்தது.