குதிகாலுக்கு மட்டும் வேண்டிக்கொண்டது

சோடாப் பெட்டியின் மேல் நின்று தரையில் விழ வேண்டும். விழுந்த கையோடு எதிரே அடுக்கியிருக்கும் இரண்டு பெட்டிகளின் மேல் எழும்ப வேண்டும். நடுவில் பாதம் தரையைத் தொடுகிற நேரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குக் காலில் வெடி ஏறும் என்பான் மச்சான்.

"தரையில குடித்தனம் பண்ணாதடா! தீமிதியில நின்னு எவனாச்சும் ஊர்க்கத பேசுவானா? பட்டதும் எழும்பு லா!"

அவன் என் தாய்மாமன் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். ராணுவத்தில் சேர்ந்து, கண்பார்வை போதாது என்று சில மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டவன். அந்தச் சில மாதங்களில் முகாமில் தாண்டுகிறவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து வந்திருந்தான். மலேசியாவில், ஈஜோக்கைத் தாண்டி கோலசிலாங்கூர் போகிற வழியில் எங்கள் தோட்டம். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டி முடித்து, குளித்து, ஒரு தேநீர் குடித்ததும் எங்கள் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒற்றைக் காலில் மேடேறுவது, இரண்டு காலையும் சேர்த்து வடிகாலைத் தாண்டுவது, கடைசியில் இந்தப் பெட்டிகள். அவன் தாண்டமாட்டான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பாதம் மண்ணில் படும் சத்தத்தைக் காதால் கேட்டுத் திட்டுவான். 'தொப்' என்று கேட்டால் வசவு. 'டப்' என்று கேட்டால் பேச மாட்டான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மாவட்டத் தேர்வில் நீளம் தாண்டுதலில் முதல் இரண்டு இடம் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலத்தில் தாண்டியவர்களை, விளையாட்டுக் குழு வைத்திருக்கும் நகரத்து அலுவலகங்கள் கூப்பிட்டு வேலை கொடுத்த காலம். ஸ்டோர் வேலையோ, பாதுகாவலர் வேலையோ, படிப்பைப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். காட்டுவதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்றிதழ் என் இடது கால்.

அந்தக் காலில்தான் வலி வந்தது. தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், பெட்டியிலிருந்து விழுந்தபோது குதிகால் முதலில் பட்டுவிட்டது. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி ஊன்ற முடியவில்லை. எனக்குக் கவலைப்படுவதற்குக் காரணமே தேவையில்லை. மழை வந்தால் மணல் குழி இறுகிவிடுமே என்று கவலைப்படுவேன். வராவிட்டால் குழியில் பாம்பு படுத்திருக்குமோ என்று கவலைப்படுவேன். இப்போது உண்மையான காரணமே கிடைத்துவிட்டது. எலும்பு விண்டிருக்குமோ, கால் சூம்பிவிடுமோ, நொண்டிக்கொண்டே குலை வெட்டிச் சாவேனோ என்று எங்கெங்கோ போனது மனது.

எங்கள் வீட்டில் அப்பா வழி கத்தோலிக்கம். அம்மா கல்யாணத்தின்போது வந்து சேர்ந்தவர். தோட்டத்தில் ஒரு சிற்றாலயம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை பாதிரியார் வருவார், மற்ற நாளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு முழங்காலிட்டிருந்தபோது நேர்ந்துகொண்டேன். ஆண்டவரே, இந்தக் குதிகால் வலி போனால் பெரிய வெள்ளி அன்று உமது சிலுவையைச் சுமக்கிறேன். பிறகு மனது மாறிவிடுமோ என்று பயந்து, வாசலிலேயே உபதேசியாரிடம் சொல்லியும்விட்டேன்.

எங்கள் தோட்டத்துச் சிலுவை விளையாட்டுச் சாமான் அல்ல. இடித்த பாலத்தின் கட்டையில் செய்தது. மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். நேர்ச்சை உள்ளவர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு, மருந்தகத்திலிருந்து லயங்களைச் சுற்றிச் சிற்றாலயம் வரை, இயேசுவின் பாடுகளை நினைக்கிற பதினான்கு ஸ்தலங்களிலும் நின்று நின்று வர வேண்டும். இயேசு கீழே விழும் மூன்று ஸ்தலங்களிலும், சுமப்பவரும் உண்மையாகவே முழங்கால் மண்ணில் பட விழுந்து, ஜெபம் முடியும் வரை அப்படியே கிடக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

வலி போனது. பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிற்றுக்குள் சுத்தமாகப் போய்விட்டது. நன்றி சொல்லி முடிப்பதற்குள் தேர்வு நாள் தெரிந்தது. பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை.

மச்சான் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"தாண்டறதுக்கு முந்துன நாளு ஒருத்தன் படியேறக்கூட யோசிப்பான். நீ பாலத்தத் தூக்கிட்டு சுத்தப் போறியா?"

"நேர்ச்சைடா மச்சான்."

"எங்க சாமின்னா அடுத்த வருஷம் ரெண்டு காவடியா எடுக்கறேன்னா ஒத்துக்கும் லா. ஒங்க ஆளுகிட்ட பேசிப் பாரு."

"வலிய எடுத்துட்டாரே. திருப்பிக் குடுத்துட்டாருன்னா?"

அம்மாவிடம் போனேன். "வாக்கு குடுக்கும்போது என்னையக் கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். உபதேசியாரிடம் போய், விடுவித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. சப்பாத்து போட்டுக்கொண்டு சுமக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவரு என்ன சப்பாத்து போட்டிருந்தாரு, தம்பி?" என்றார்.

அதன்பின் மச்சான் வேறு மாதிரி இறங்கினான். முன்கூட்டியே சிலுவைப் பாதை முழுவதும் நடந்து, எங்கே கல், எங்கே பள்ளம் என்று பார்த்தான். கூரான கற்களைக் காலால் தள்ளினான். குதிகாலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டு கட்டிப் பழக்கினான். பாதம், கணுக்கால், முழங்கால் வரை எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆனது. நானும் இரவெல்லாம் பாதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிலுவை உட்காரப்போவது பாதத்தில் அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பெரிய வெள்ளி மதியம் நல்ல வெயில். ஒரு சந்தியாக இருந்ததால் வயிறு காலி. கட்டையை வலது தோளில் ஏற்றினார்கள். முதல் இரண்டு ஸ்தலமும் ஒழுங்காகப் போயின. மூன்றாம் ஸ்தலம், முதல் முறை விழுகிற இடம். விழுந்தேன். முழங்கால் மண்ணில் பட்டது.

பட்டதும் எழும்பிவிட்டேன்.

நான் எழும்பவில்லை, கால் எழும்பியது. இத்தனை வாரமாகப் பெட்டியிலிருந்து விழுந்து விழுந்து அது கற்றுக்கொண்டது அதைத்தானே. சிலுவை என் தோளை விட்டு மேலே துள்ளியது. துள்ளியது திரும்ப என் தோளிலேயே வந்து விழுந்தது. உள்ளே ஏதோ நறுக்கென்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ மாதாவே" என்றார்கள். உபதேசியார் என் முதுகில் கை வைத்து அழுத்தினார்.

"ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கெட" என்றார் மெதுவாக.

ஐந்தாம் ஸ்தலம் மளிகைக் கடைக்கு முன்னால். இயேசுவுக்குச் சிலுவை தூக்க உதவிய சிரேனே ஊர் சீமோன் வழியில் போனவர்தானே என்பதால், அங்கே வேடிக்கை பார்த்து நிற்கிற யாரையாவது உபதேசியார் கைகாட்டிக் கூப்பிடுவது வழக்கம். சேர்ந்து கொஞ்ச தூரம் சுமக்க வேண்டும். அன்று கைகாட்டத் தேவையே இருக்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கட்டையின் அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டான்.

"குதிகால் எப்படி?" பின்னாலிருந்து கிசுகிசுத்தான்.

"நல்லாருக்கு. பேசாத."

"முன்பாதத்துல வை. அந்தப் பள்ளத்துல எறங்காத. என்னாடா மூளை ஒனக்கு, எழும்பிட்ட?"

"பேசாதடா, சீமோன் பேசமாட்டாரு."

"அவரு கூட வந்தவன் மறுநாளு தாண்டல லா."

ஏழாம் ஸ்தலத்தில் இரண்டாம் முறை விழுந்தேன். இப்போது எழும்பவில்லை. தொடை துடித்தது, அடக்கிக்கொண்டு கிடந்தேன். முகத்துக்கு மிக அருகில் செம்மண்ணும் ஓர் எறும்பு வரிசையும். தரையில் இருக்காதே, இருக்காதே என்றே கேட்டுப் பழகிய எனக்கு அங்கே இருப்பது பெரிய பாடாக இருந்தது. அவர் எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்திருப்பார்? ஜெபத்தில் விழுந்தார் என்று வருகிறது, எழுந்தார் என்று வருகிறது. நடுவில் கிடந்ததைப் பற்றி ஒன்றும் வருவதில்லை. அவருக்கு எதிரே ஏறிக்கொள்ளப் பெட்டி ஏதும் இல்லை. எழுந்தால் இன்னும் மேடுதான். அது தெரிந்தும் எழுந்திருக்கிறார். கால்பலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதில் எதிலும் சேராது என்று பட்டது. அதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை சட்டை மாட்டும்போதுதான் தெரிந்தது. வலது கை மார்புக்கு மேலே வரவில்லை.

பேருந்தில் மச்சானுக்குத் தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். கோலசிலாங்கூர் திடலில் உடம்பைச் சூடேற்றும்போது மச்சான் பார்த்துவிட்டான்.

"கையத் தூக்கு."

தூக்கினேன். பாதியில் நின்றது.

தாண்டும்போது காலுக்கு இணையாகக் கை மேலே வீச வேண்டும், கை வராவிட்டால் உடம்பு எழும்பாது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். "தோளு," என்றான். "தோளை எப்படிடா மறந்தோம் நாம?" தைலம் வைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

மூன்று வாய்ப்பு. முதலாவதில் பயத்தில் பலகையைக் கடந்து மிதித்துவிட்டேன், சிவப்புக் கொடி. இரண்டாவதில் கை தொங்கியபடி போய் முன்னாலேயே விழுந்தேன். மூன்றாவதற்கு நிற்கும்போது மச்சான் காதோரம் வந்தான்.

"வலது கைய இடுப்போட ஒட்டிக்க. இடது கைய மட்டும் வீசு. பலகை சுடுதுன்னு நெனச்சுக்க."

ஓடினேன். பலகையில் பட்டது கேட்டது, 'டப்'. மச்சான் அந்தப் பக்கம் கத்தினான். மணலில் விழுந்து திரும்பிப் பார்த்தால் வெள்ளைக் கொடி. இரண்டாம் இடம்.

தாண்ட இன்னும் ஒருவன் மட்டும் பாக்கி, சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்த ஒல்லிப் பையன். அவன் ஓட்டத்தை அளந்துகொண்டிருந்தபோது என் உதடு தானாக அசைந்தது. ஆண்டவரே, அவனுக்குச் சிவப்புக் கொடி... அங்கேயே நின்றுவிட்டேன். இதற்கு என்ன நேர்வது? நேர்ந்தால் அதை எந்த நாளில் வந்து கேட்பார்? அந்தப் பையனும் காலையில் யாரிடமாவது எதையாவது நேர்ந்துகொண்டுதானே பேருந்து ஏறியிருப்பான்? நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் மணலில் இருந்தான். வெள்ளைக் கொடி ஏறியது. நாடாவை இழுத்தார்கள். என்னைவிட ஒரு சாண் கூட.

மச்சான் என்னைப் புல்லில் உட்காரவைத்து, சப்பாத்தைக் கழற்றி, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல லா."

"கொஞ்சங்கூட?"

"இல்லடா."

"அப்ப ஒங்க ஆளு சொன்னதச் செஞ்சிட்டாரு," என்றான். கோபமா சிரிப்பா தெரியவில்லை. "குதிகாலத்தானே கேட்ட? குடுத்துட்டாரு. ஒனக்குத்தான் கேக்கத் தெரியல."

அடுத்த வருடத் தேர்வு வரை குலை வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒற்றைக் கையால் அதை எப்படி வெட்டுவது, வேலையை மேய்க்கிற மண்டோர் என்ன சொல்வார் என்ற கவலை பேருந்திலேயே தொடங்கிவிட்டது.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. சிற்றாலயம் முழுக்கப் புதுத்துணி வாசம். எல்லோரும் கையை உயர்த்தி ஜெபிக்கும்போது அம்மா விலாவில் இடித்தார்.

"ரெண்டு கையும் தூக்குடா."

"வரமாட்டேங்குதும்மா."

இடது கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றேன். நேர்ச்சை எதுவும் வைக்கவில்லை, பயமாக இருந்தது. சும்மா கேட்டேன், ஆனால் இந்த முறை விட்டுப்போகாமல் கேட்டேன். விரல், முன்பாதம், குதிகால், கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, முதுகு, இரண்டு தோள், இரண்டு கை என்று கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். கழுத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. வாசலுக்கு வெளியே சோடாப் பெட்டியைக் கையில் பிடித்தபடி மச்சான் நின்றிருந்தான்.