நடக்க வைக்கப் படித்த பிள்ளை

பக்கவாதம் வந்த என் மனைவியை அருப்புக்கோட்டையில் ஒரு பிசியோதெரபி சென்டருக்குக் கூட்டிப் போனேன். அங்கே வேலை பார்த்த ஒல்லியான பொம்பளப் பிள்ளை, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் காலைத் தொடும். கைத்தாங்கலாக என் மனைவியை நிற்க வைத்தபோது மேனேஜர் கத்தினார்: "கரண்ட் மிஷினைக் கால்ல மாட்டிட்டு அடுத்த ஆளைப் பாரும்மா!"

"எத்தனை வருசம் படிச்ச, தாயி?" என்றேன்.

"நாலரை வருசம் ஐயா. அதுல ஆறு மாசம் ஆஸ்பத்திரியிலயே நடக்க வச்சுப் பழகினோம். இங்க சுவிட்சு போடத்தான் ஆளு வேணுமாம்."

சொல்லிக்கொண்டே என் மனைவியை நாலு எட்டு நடக்க வைத்துவிட்டது.

மறுவாரம் அந்தப் பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். "அதான் மிஷின் இருக்குல்ல, பெரியவரே," என்றார் மேனேஜர்.

திருச்சுழிக் கோயிலில் அந்தப் பிள்ளைக்கு நல்ல வேலை கேட்டு விளக்குப் போட்டேன். எல்லாரும் நல்லாயிருக்கணும் என்றுதான் எப்போதும் கும்பிடுவேன். அன்று அந்த மேனேஜரைச் சேர்த்துக்கொள்ள மனசு வரவில்லை.